பால்சோற்றில் ஒரு பாதாம்

மொரீசியஸில் ரோஸ் பெல் ரயிலடிக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவருக்கு உப்பு தெரியாது. அப்படித்தான் அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வாடிய முகத்தோடு யாராவது கடை வாசலில் நின்றால் போதும், உள்ளேயிருந்து ஒரு தட்டோடு வந்துவிடுவார்.

"கொஞ்சம் உப்புப் பாத்துச் சொல்லு. என் நாக்கு செத்துப்போய்ப் பல வருஷம் ஆச்சு."

ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கமாட்டார். "மேலாப்புல பாத்தா ஆச்சா? உப்பு அடியிலதான் தங்கும்" என்பார். தட்டின் அடி தெரிகிறவரை சாப்பிட்டு முடித்தால்தான் அவரிடம் தீர்ப்பு செல்லும். சாப்பிட்டவனுக்கு நன்றி வேறு சொல்லி அனுப்புவார். அவனும் ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டவன்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவான்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நாங்கள் கப்பல்காரர் என்போம். ரயில்வேயில் வேலை பார்த்த, ஆப்பிரிக்க வம்சத்துக் கிரியோல்காரர்கள் தோந்தோன் என்று கூப்பிடுவார்கள். அவர்கள் பேச்சில் மாமா என்று அர்த்தம். குட்டையான மனிதர். இடது காலில் இரண்டு விரல் கிடையாது. கப்பல் கயிறு சுற்றி அறுத்துவிட்டது என்பார். அதனால் நடக்கும்போது ஒரு பக்கம் லேசாகச் சாய்வார்.

இளவயதில் மொரீசியஸ் சர்க்கரை ஏற்றிப்போன பாய்மரக் கப்பலில் சமையல் எடுபிடியாகப் போனவர். வடகடலில் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டார். கப்பல்காரர்கள் அவரைக் கோபன்ஹேகன் துறைமுகத்தில் இறக்கிவிட்டு நடையைக் கட்டிவிட்டார்கள். தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்களே டேனிஷ்காரர்கள், அவர்களுடைய தலைநகரம் அது. அங்கே ஒரு குளிர்காலம் இருந்தார். ஒரே ஒரு குளிர்காலம்தான். அதை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் பேசினார்.

அந்த ஊரில் சாப்பாட்டுக் கடைகள் பூமிக்கு அடியில் இருக்குமாம். தெருவிலிருந்து ஆறு படி கீழே இறங்கவேண்டும். தலையை இடித்துக்கொள்ளாமல் உள்ளே போனால் மெழுகுவத்தி, புகை, பலகை மேசை. வண்டிக்காரனும் வக்கீலும் ஒரே மேசையில் முழங்கை இடிக்க உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். கறுப்பு ரொட்டி செங்கல் கனத்தில் இருக்கும். அதன்மேல் வெண்ணெய் தடவி, உப்பிலும் காடியிலும் ஊறிய மீனை அப்படியே வைத்துக் கொடுப்பார்கள்.

"பச்சையாவா?" என்று யாராவது மூக்கைச் சுளித்தால் அவருக்குக் கோபம் வரும்.

"நீ திங்கிற கருவாடு மட்டும் அடுப்புல வெந்தா ஆச்சு? அதுவும் உப்புல ஊறினதுதானே. அங்கே பெரிய பெரிய மிசியேமார், துரைமார்கூட உப்பு மீனைத்தான் கொண்டாடித் திங்கிறான். இங்க தோட்டத்துக் கூலிக்குப் படியா அளக்கிறதும் உப்பு மீன்தான். நீங்கதான் அதை ஏழைச் சாப்பாடுன்னு வெக்கப்படுறீங்க."

மஞ்சள் பட்டாணியை நம் பருப்புபோலக் குழைய வேகவைத்து, பெரிய சட்டியோடு மேசை நடுவில் வைப்பார்களாம். முதல் நாள் அதைப் பார்த்ததும் தனக்கு அழுகை வந்துவிட்டது என்பார். பிறகு வாயில் வைத்தாராம். பெருங்காயம் இல்லையே என்று இன்னும் அழுகை வந்ததாம். இந்த இடத்தில் நாங்கள் சிரிக்கவேண்டும். வருஷா வருஷம் சிரித்தோம்.

ஆனால் அவர் கடையில் எங்கள் தமிழ் ஆட்கள் யாரும் சாப்பிடமாட்டோம். கிரியோல்காரர்களும், சீனாக்கடைப் பையன்களும், மாஎபூர் போகிற பிரயாணிகளும்தான் சாப்பிடுவார்கள். அடுப்பில் என்னென்னவோ வேகும். மாடு, பன்றி எல்லாம் தின்ற வாய், எந்தச் சட்டியில் எதை ஆக்கினாரோ என்று பெரியவர்களுக்குப் பயம். தவிர, வீடு வாசல் உள்ளவன் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் பெண்டாட்டி செத்துவிட்டாளா என்று கேட்கிற ஊர் இது.

அதற்கும் அவர் அந்தக் குளிர்தேசத்திலிருந்தே ஒரு வழி கொண்டுவந்திருந்தார். கோபன்ஹேகனுக்கு வெளியே தோட்டங்கள் உண்டாம். வெயில் வந்துவிட்டால் ஜனங்கள் குடும்பத்தோடு சாப்பாட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கே போவார்களாம். தோட்டக்காரன் பெஞ்சியும் வெந்நீரும் மட்டும் கொடுப்பானாம். சோறு அவரவர் சோறு. கேட்டபோது, வெந்நீர் விற்றுப் பிழைக்கிறவனும் உண்டா என்று நான்தான் முதலில் கேலி செய்தேன். மறு மாதமே கப்பல்காரர் மாமரத்தடியில் இரண்டு பெஞ்சி போட்டுவிட்டார். உங்கள் தூக்குச்சட்டியோடு வாருங்கள், நிழலில் உட்கார்ந்து உங்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிடுங்கள், வெந்நீரும் ஒரு கல் உப்பும் என் பொறுப்பு என்றார். கருப்பங்காட்டு வெயிலிலிருந்து வந்து விழுகிற எங்களுக்கு அது சொர்க்கமாக இருந்தது. தீட்டும் இல்லை. அப்படித்தான் நான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

என்னைப்பற்றியும் இரண்டு வரி சொல்லவேண்டும். என் அப்பா தோட்டத்துக் கூலியாக வந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இரண்டு அர்பாங் நிலம் வாங்கியவர். ஏறக்குறைய இரண்டு ஏக்கர். அதை வைத்துக்கொண்டு நான் என்னைக் கரும்பு முதலாளி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொந்த நிலத்தில் வெட்டுகிறவனுக்கும் பிறத்தியார் நிலத்தில் வெட்டுகிறவனுக்கும் முதுகு ஒரே மாதிரிதான் வலிக்கும். ஆனாலும் கோயிலில் முன்வரிசையில் உட்காருவேன். நாக்கு வேறு நீளம். யாரையாவது நான்கு பேர் நடுவில் சிரிக்கவைத்தால்தான் எனக்குச் சாப்பாடு செரிக்கும்.

இனி பால்சோறு. கோபன்ஹேகனில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கடைகளெல்லாம் மூடிவிடுமாம். அவர் தட்டுக் கழுவி வயிறு வளர்த்த நிலவறைக் கடையில், போக்கிடமில்லாத மாலுமிகளுக்கு மட்டும் கடைக்கார அம்மாள் மேசை போடுவாளாம். அன்றைக்கு முதலில் வருவது பாலில் குழைய வெந்த அரிசி. மேலே சர்க்கரையும் லவங்கப்பட்டைத் தூளும் தூவி, நடுவில் ஒரு கட்டி வெண்ணெய் வைத்திருப்பார்கள். அரிசியைக் கண்ணால் பார்த்தே பல மாதம் ஆகியிருந்த அவருக்குத் தலை சுற்றியதாம். அந்தப் பானைக்குள் ஒரே ஒரு பாதாம் பருப்பு ஒளிந்திருக்கும். யார் கிண்ணத்தில் வருகிறதோ அவர் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, எல்லாரும் சாப்பிட்டு முடிந்தபிறகு எடுத்துக் காட்டவேண்டும். அவருக்குப் பரிசு உண்டு.

"அந்த வருஷம் பாதாம் யாருக்கு வந்துச்சு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, மார்பைத் தட்டிக் காட்டுவார். "எனக்கு! பனி உருகுற வரைக்கும் அடுப்போரம் படுக்கை, ரெண்டு வேளைச் சாப்பாடு. ராஜா மாதிரி இருந்தேன்."

இதை அவர் ரோஸ் பெல்லில் நடத்திக்காட்டினார். வெட்டு முடிந்து ஆலைப் புகைபோக்கி அணைகிற மாதம் டிசம்பர். அதற்குப்பிறகு ஆறு ஏழு மாதம் எங்கள் வீடுகளில் கையிருப்பு தேய்ந்துகொண்டே வரும். அந்த இருபத்துநாலாம் தேதி மத்தியானம், புதுப் பானை, புதுக் கரண்டி, கோயில் பூசாரி வந்து அடுப்புப் பற்றவைப்பார். பாலில் வெந்ததற்குத் தீட்டு இல்லை என்று பெரியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தமிழ், கிரியோல் என்று ஊரே வரும். பரிசு என்ன தெரியுமோ? பாதாம் கிடைத்தவர் குடும்பத்துக்கு, ஆலையில் மறுபடி புகை வரும்வரை கடையிலிருந்து சாப்பாடு. எங்கள் ஆட்களுக்கென்றால் அரிசி பருப்பாக வீட்டுக்கே போய்விடும்.

முதல் வருஷம் பாதாம் காலில்லாத ஒரு கைம்பெண்ணுக்கு வந்தது. அடுத்த வருஷம் சீனாக்கடையில் வேலை போன ஓர் ஆளுக்கு. மூன்றாம் வருஷம், வீடு எரிந்துபோய் ஆறு பிள்ளைகளோடு தெருவில் நின்ற ரயில்வே கிரியோல்காரருக்கு. அதிர்ஷ்டத்துக்கு இவ்வளவு நல்ல கண் இருக்க முடியாது. நான் கவனித்தேன். எல்லாக் கிண்ணத்தையும் அவர் தன் கையாலேயே பரிமாறினார். கரண்டியை வேறு யாரையும் தொடவிடவில்லை.

கண்டுபிடித்ததை மனசோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதானே? அந்தக் கிரியோல்காரர் பாதாமை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்று, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபோது, நான் உரக்கச் சொன்னேன்: "பாதாம் எங்க வருதோ அந்த வீட்டுல அடுப்பு அணைஞ்சிருக்குன்னு அர்த்தம், தெரிஞ்சுக்குங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது; ஆனால் சிரிப்பு எந்தப் பக்கம் பார்த்து வருகிறது என்று தெரியும். கையை மெல்ல மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கப்பல்காரர் என் பக்கத்தில் வந்து நின்று, "தம்பி, உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டார். பால்சோற்றில் உப்பு ஏது என்று அதற்கும் சிரித்தேன்.

என் பேச்சு ஊரில் பரவிவிட்டது. அரைப்படி அரிசி கைமாற்றுக் கேட்டால், "உனக்கு இந்த வருஷம் பாதாம்தான்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பஞ்சப்பயல் என்று திட்டுவதற்குப் பதில் பாதாம்பயல் என்றார்கள். நான் கிளப்பிய கேலி நன்றாக ஓடுகிறது என்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் புயல் அடித்தது. என் கரும்பு முழுக்கத் தரையோடு படுத்துவிட்டது. மே மாதம் காய்ச்சலில் என் மனைவி போனாள். அவளோடு வயிற்றிலிருந்ததும் போனது. பசு ஆகஸ்டில் செத்தது. வெட்டு வந்தபோது என் நிலத்திலிருந்து ஒரு மாட்டுவண்டிகூட நிறையவில்லை. நானும் ஏழு வயசு மகள் முனியம்மாவும் மரவள்ளியில் ஆரம்பித்து, கீரையில் இறங்கி, பிறகு கீரை அவித்த தண்ணீரில் நின்றோம்.

அப்போதும் மத்தியானமானால் தூக்குச்சட்டியோடு மாமரத்தடி பெஞ்சிக்குப் போய்விடுவேன். போகாவிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடுமே! சட்டிக்குள் ஒன்றும் இருக்காது. மூடியைத் திறக்காமலே உட்கார்ந்திருந்து, இப்போதுதான் சாப்பிட்டதுபோல் வாயைத் துடைத்துக்கொண்டு வெந்நீர் குடிப்பேன்.

ஒருநாள் கப்பல்காரர் வந்து, "சோறு ஆறியிருக்கும், குடு தம்பி, சூடு பண்ணித் தரேன்" என்று சட்டியை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்ப வந்தபோது அது கனத்தது. மூடியைச் சுற்றி ஆவி வந்தது. கருவாட்டுக் குழம்பு வாசனை. எதிர்ப் பெஞ்சியில் சர்தார் உட்கார்ந்திருந்தார், தோட்டத்துக் கூலிகளை மேய்க்கிற மேஸ்திரி. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன செய்தேன் தெரியுமா? சட்டியை அப்படியே பெஞ்சியில் வைத்துவிட்டு எழுந்து போனேன். வீட்டில் குழந்தை பசியோடு இருக்கிறது. வாயில் எச்சில் ஊறுகிறது. எழுந்து போனேன். மறுநாள் காலையில் கழுவிய காலிச் சட்டி என் வீட்டு வாசலில் இருந்தது.

டிசம்பர் நடுவில், பக்கத்து வீட்டு அக்கா ஒரு செய்தி கொண்டுவந்தாள். வக்குவாவில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் அவள் தங்கை ஆயாவாக இருந்தாள். அங்கே சின்னக் குழந்தையோடு விளையாட ஒரு பெண் வேண்டுமாம்.

"சோறு, துணி எல்லாம் அவங்களே குடுத்துருவாங்க தம்பி. பண்டிகைக்கு வீடு நிறைய ஆளு, இருபத்தஞ்சாந் தேதியே வேணுமாம். மனசைக் கல்லாக்கிக்க. இங்க வச்சிருந்தா புள்ள செத்துரும்."

முனியம்மாவின் கால்கள் வீங்க ஆரம்பித்திருந்தன. சரி என்றேன்.

அதற்கு முந்தின நாள்தான் பால்சோறு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பாதாமுக்காகத்தான் நான் போனேன். அது வந்துவிட்டால் முனியம்மா போகவேண்டாம். ஆலையில் புகை வரும்வரை தாங்கிவிட்டால் கரும்பு மறுபடி தழைத்துவிடும். வழி நெடுக முருகனை வேண்டிக்கொண்டே போனேன். உள்ளே காலெடுத்து வைத்ததும், சர்தார் முதல் பூசாரிவரை எல்லாரையும் பார்த்ததும், எனக்கு வந்துவிடக் கூடாதே என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டையும் ஒரே சாமியிடம்தான் வேண்டினேன்.

கப்பல்காரர் பரிமாறிக்கொண்டே வந்தார். முனியம்மாவுக்கு வைத்தார். எனக்கு வைக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் வாயில் பல்லில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது.

அந்த நேரத்தில் சர்தார் யாரையோ பார்த்து, "இந்த வருஷம் எந்தப் பாதாம்பயல்னு பாப்போம்" என்றார். என் சொல்தான். என் வாயிலிருந்து போனதுதான். சுற்றிலும் சிரிப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டு கடித்தேன். அது சத்தமாக உடைந்தது.

"அப்பா, என்னவோ சத்தம் கேட்டுச்சே?" என்றாள் முனியம்மா.

"கல்லும்மா. அரிசியில கல்லு."

விழுங்கிவிட்டேன்.

எல்லாக் கிண்ணமும் காலியாயிற்று. "யாருக்கு?" என்று கேட்டார் கப்பல்காரர். யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்டபோது அவர் குரல் கெஞ்சியது; கண் என்மேல் நின்றது. பத்து எண்ணுகிற நேரம் நின்றிருக்கும். நான் முனியம்மாவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"போட்டாத்தானே வரும்! கப்பல்காரரே, இந்த வருஷம் ஊரை ஏமாத்திட்டீரு" என்று கத்தினார் சர்தார்.

"ஆமா" என்றார் கப்பல்காரர். "போட மறந்துட்டேன்." ஆளாளுக்கு அவரைத் திட்டிவிட்டு எழுந்து போனார்கள். அவர் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

ரொம்ப காலம் நான் எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். வாயில் போனதை வெளியே எடுத்து நான்கு பேருக்கு நீட்டுவது எச்சில் அல்லவா, அது வெள்ளைக்காரன் பழக்கம், நம் பழக்கமா, அதனால்தான் தொண்டை தானாக விழுங்கிவிட்டது என்று. பொய். எச்சிலும் இல்லை, ஆசாரமும் இல்லை. வெட்கம். பெற்ற மகளைவிட எனக்கு என் வெட்கம் பெரிதாக இருந்தது.

விடியும்போதே, கப்பல்காரர் கடை வாசல் படாமல் கருப்பங்காட்டு வழியாகச் சுற்றி ரயிலடிக்குப் போய், முதல் ரயிலில் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஜன்னலோரம் உட்காரவைத்தேன். கியூர்பீப் மேட்டில் ரயில் மூச்சு வாங்கி ஏறும்போது கேட்டாள்.

"அப்பா, அங்க சோறு போடுவாங்களா?"

"போடுவாங்கம்மா."

"உனக்கு?"

"எனக்கென்ன, நான் பாத்துக்குவேன்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். பிறகு, "பாதாம் யாருக்குப்பா கிடைச்சுது?" என்றாள்.

"யாருக்கும் கிடைக்கலைம்மா."

"பாவம் தாத்தா, மறந்துட்டாரு" என்றாள்.

சாயங்காலம் தனியாகத் திரும்பி வந்தேன். பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்றுகொண்டிருந்தாள். "கப்பல்காரர் விடியக்காலையில ஓடியாந்தாரு. நீங்க போய் ஒரு நாழிகை இருக்கும். அந்தக் காலை வச்சுக்கிட்டு மேமூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து நின்னாரு. ரயில் போயிட்டுதுன்னேன். உன் வீட்டு வாசல்லயே ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு" என்றாள். என்னைத் திருடன் என்று சொல்ல வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் மாமரத்தடிக்குப் போகவில்லை. ரயிலடிக்குப் போகவேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போவேன்.

மாதம் ஒருமுறை வக்குவாவுக்குப் போய் அவளைப் பார்த்தேன். முதல் முறை, எனக்காக மூன்று நாளாக ரொட்டி விளிம்புகளைச் சேர்த்து ஒரு துணியில் கட்டி வைத்திருந்தாள். காய்ந்துபோயிருந்தது. அவள் பார்க்கவே உட்கார்ந்து தின்றேன். போகப் போகக் கன்னம் உப்பியது. கிரியோல் பேச ஆரம்பித்தாள். இரண்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் வீடு பூட்டியிருந்தது. "ஜோத் ஃபின் அலே" என்றான் தோட்டக்காரன். போய்விட்டார்கள். முந்தின நாள்தான் மடகாஸ்கரில் தமத்தாவுக்குக் குடும்பத்தோடு கப்பலேறினார்களாம். ஆயா? அவளை விட்டுவிட்டார்கள். சின்னப் பெண்? குழந்தை அவளை விடமாட்டேன் என்று அழுததாம், அதனால் அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். என்னிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நான் எழுதிப்போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை.

அப்புறம் பல வருஷம் கழித்துத்தான் கப்பல்காரரைப் பார்த்தேன். கடையை மூடிவிட்டுப் பின்கட்டு அறையில் படுக்கையாகக் கிடக்கிறார், யாரும் இல்லை என்று அக்கா சொன்னாள். கஞ்சி வைத்து, அந்தப் பழைய தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு போனேன். எலும்பும் தோலுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும், "புள்ள வந்துச்சா?" என்று கேட்டார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ! "எங்க வரும்? நீங்க பண்ணின கூத்துல போன புள்ள! குடுக்கணும்னா ஒரு படி அரிசியை வாசல்ல கொண்டாந்து குடுத்திருக்கலாமே. எதுக்கு இந்தப் பாதாமு, பரிசு, வேஷம் எல்லாம்?" என்று சாகக் கிடக்கிறவரைப் பார்த்துக் கத்தினேன்.

அவர் என் கையிலிருந்த தூக்குச்சட்டியைப் பார்த்தார். "குடுத்தேனே, தம்பி" என்றார்.

நான் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

அவரே மேலே பேசினார். "அங்க பாதாம் எனக்குக் கிடைச்சுதுன்னு சொன்னேனே, அது நெசம். எடுத்துக் காட்டினேன்னு சொன்னது பொய். முழுங்கிட்டேன். கூட இருந்தவங்கள்லாம் நான் பிச்சையெடுக்க வந்தவன்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க. அந்தம்மா மூணு தரம் கேட்டா. மறந்துட்டேன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டா. மறுநாள் விடியுமுன்னே நான் வெக்கப்பட்டுக்கிட்டு ஓடிட்டேன். துறைமுகத்துப் பனியில மூட்டை தூக்கப் போனேன். அங்கதான் வெரல் ரெண்டும் போச்சு. குளிர்காலம் பூரா ஆஸ்பத்திரியில கிடந்தேன். அந்தம்மா தேடிக் கண்டுபிடிச்சு வந்து சொன்னா, அன்னைக்கு விடிஞ்சதும் என்னைத் தேடி வந்தாளாம். நான் போய் ஒரு நாழிகைதான் ஆகியிருந்துதாம்."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"முழுங்கினவன் மறுநாள் காலையில என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியும். அதான் இருட்டோட கிளம்பி ஓடியாந்தேன். இந்தக் காலு விடல, தம்பி."

கஞ்சியைக் கரண்டியால் எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனேன். "உப்புப் பாத்துச் சொல்லுங்க, அண்ணே" என்றேன்.

வாயில் வைத்துச் சற்று நேரம் சப்பிக்கொண்டிருந்தார். நாக்கு செத்துவிட்டது என்று முப்பது வருஷம் ஊரை நம்பவைத்த மனிதர் அவர்.

"இன்னும் ஒரு கல்லு போடணும்" என்றார்.

இரண்டு நாளில் போய்விட்டார். நான்தான் கொள்ளி வைத்தேன்.

இப்போது கரும்பு நன்றாகத்தான் வருகிறது. வீட்டில் அரிசி இருக்கிறது, ஒருவன்தான் சாப்பிடுகிறேன். கோயில் விசேஷங்களில் பாயசம் ஊற்றினால் உடனே விழுங்கமாட்டேன். நாக்கால் தேடிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் எழுந்து நின்று, எனக்குத்தான், என் வீட்டில்தான் சோறு இல்லை என்று ஊர் கேட்கக் கத்திவிடவேண்டும்போல இருக்கும். முந்திரிப்பருப்பாக இருக்கும். மென்று தின்றுவிட்டு வந்துவிடுவேன்.

முனியம்மா இருந்தால் இருபத்தைந்து வயசு ஆகியிருக்கும். தமத்தாவில் எங்கேயோ இருப்பாள், அவளுக்கும் பிள்ளைகள் இருக்கலாம். அந்த வருஷம் தாத்தா பாதாம் போட மறந்துவிட்டார் என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருப்பாள்.